உறைந்த திரையும் உழலும் முகப்புப் பணியாளரும்

பொத்தானை அழுத்துகிறோம். திரை வெளிறிப் போகிறது. சாளரத்தின் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது. உடனே "கணினி பழசு" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குறை கணினியில் இல்லை. நிரலை எழுதியவர் எதிரே அமரப்போகும் மனிதரை நினைக்கவில்லை என்பதே என் கருத்து.

கணினித்துறை சாராத நண்பர்களுக்குச் சிறு விளக்கம். விண்டோஸ் மென்பொருளில் திரையை வரைவதும் நம் சொடுக்குகளைக் கவனிப்பதும் பொதுவாக ஒரே இழையின் வேலை. ஆங்கிலத்தில் இதை 'த்ரெட்' என்பர். அந்த இழையையே தரவுத்தளத்துக்கு அனுப்பி (இடைநிலைப்பள்ளியில் 'பங்கலான் டாத்தா' என்று படித்தோமே, அதுதான்) ஐம்பதாயிரம் வரிகளைக் கொண்டுவரச் சொன்னால், திரும்பி வரும்வரை திரையைப் பார்க்க ஆளில்லை. மளிகைக் கடையில் இருக்கும் ஒரே ஆளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டால் கல்லாவில் யார் நிற்பது? சுமார் 5 விநாடி பதில் இல்லையென்றால், அந்தச் சாளரம் முடங்கிவிட்டதென விண்டோஸ் முடிவு செய்துவிடும்.

தீர்வு புதிதல்ல. 2005-இல் வந்த டாட்நெட் 2.0-இலேயே 'பேக்கிரவுண்ட்வொர்க்கர்' இருந்தது. 2012-இல் சி ஷார்ப் 5.0 'அசிங்க்', 'அவெய்ட்' என்ற இரு சொற்களில் வேலையை எளிதாக்கியது. பிறகும் ஏன் திரைகள் உறைகின்றன? வகுப்பில் நாம் பழகும் அட்டவணையில் இருபது வரிதான். இருபது வரிக்கு எந்த நிரலும் பறக்கும்!

தொழிற்பயிற்சியின்போது ஒரு கிளினிக்கின் பதிவு முகப்பில் இதன் விளைவைப் பார்த்தேன். பெயரைத் தேடினால், அந்த மென்பொருள் எல்லா நோயாளிகளையும் ஒரே மூச்சில் இழுத்தது. முகப்பிலிருந்த அக்கா ஒன்றும் நடக்காததால் மீண்டும் அழுத்துவார். அந்தச் சொடுக்கும் வரிசையில் நின்று, திரை விழித்ததும் அதே தேடலை மறுபடி தொடங்கிவைக்கும். வரிசையில் நின்ற பாட்டி திட்டியது அக்காவைத்தான். "நான் என்ன தம்பி செய்யறது?" என்றார் அவர்.

வேலையை வேறு இழைக்கு மாற்றினால் போதும் என்பார்கள். போதாது. வந்த ஐம்பதாயிரம் வரிகளைக் கட்டங்களில் அடுக்குவது மறுபடியும் திரை இழைதான். அங்கே மீண்டும் உறையும். திரையில் தெரிவது முப்பது, நாற்பது வரி. அவற்றை மட்டும் கொண்டுவந்து, கீழே உருட்டும்போது அடுத்ததைக் கேட்கலாம். கேட்கும்போது "முதல் நாற்பதாயிரத்தைத் தள்ளிவிட்டுக் கொடு" என்றால், தரவுத்தளம் அத்தனையையும் கடந்துதான் வரும். "கடைசியாகப் பார்த்த பெயருக்கும் பதிவெண்ணுக்கும் அடுத்தது" என்று கேட்பதே விரைவு. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஆகவே பதிவெண்ணும் வேண்டும். நிறுத்தும் பொத்தானும் தேவை; அது திரையை மட்டுமன்றித் தரவுத்தளத்தில் ஓடும் தேடலையும் நிறுத்த வேண்டும்.

நம்மவர் பெயர்களில் இன்னொரு சிக்கல். லெட்சுமி என்ற பெயரை ஒருவர் அடையாள அட்டையில் 'எல், இ, டி' என்று தொடங்குவார். இன்னொருவர் 'எல், ஏ, கே' என்று தொடங்குவார். அதனால் முகப்பில் இருப்பவர் பெயரின் நடுத்துண்டை இட்டுத் தேடுகிறார். அகராதியில் நடு எழுத்தை வைத்துச் சொல் தேடுவது போன்றது அது. வழக்கமான இண்டெக்ஸ் உதவாது. வேறுபடும் எழுத்துக்கூட்டல்களை ஒன்றாக்கிய பெயரைத் தனிப் பத்தியில் சேமித்து, அதற்கு இண்டெக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இதை வெளிநாட்டு நிறுவனம் யோசிக்காது. நாம்தான் யோசிக்க வேண்டும்.

இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் தம்பி தங்கைகளே, படைப்பதற்கு முன் உங்கள் அட்டவணையில் ஒரு லட்சம் பொய்ப்பெயர்களை நிரப்பி, தேடும் பொத்தானை இருமுறை அழுத்திப் பாருங்கள். மதிப்பெண் இடும் விரிவுரையாளர்களும் அப்படியே அழுத்திப் பார்க்கட்டும்.