ஒரு குவளைத் தண்ணீர்



இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருவுக்கு முதலில் கிடைப்பது ஒரு குவளைத் தண்ணீர். திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரி மணலை அடுத்துள்ள எங்கள் கடலோரப் பங்கில், குவளையை நீட்டும்போதே அதன் பிறப்பையும் சொல்லிவிடுவார்கள். "ஆத்துத் தண்ணி சாமி, தைரியமாக் குடிங்க" என்பார் ஒரு பாட்டி. அடுத்த வீட்டில் "கேன் தண்ணி சாமி" என்பார்கள், சிறிது பெருமையோடு. கிணற்று நீரை மட்டும் எவரும் எனக்குக் கொடுத்ததில்லை. அது பாத்திரம் துலக்க மட்டுமே ஆகும், அத்தனை உவர்ப்பு.

பாட்டி சொல்லும் ஆறு எங்கள் ஊரில் ஓடவில்லை. அது தாமிரபரணி. பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் அந்த ஆற்றை, அதன் கரையையே கண்டிராத பலரும் பருகுகிறோம். தூத்துக்குடி நகராட்சித் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து, 1927-ஆம் ஆண்டில் வல்லநாட்டிலிருந்து இந்நீரைத்தான் குழாய்வழியே தம் நகருக்குக் கொணர்ந்தார். ஆற்றின் வடிநிலத்துக்கே வெளியேயுள்ள அருப்புக்கோட்டையும் இன்று இதனைப் பருகுகிறது.

ஆற்றில் ஓடும் நீரை அப்படியே முகந்து அனுப்புகிறார்கள் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் அப்படியன்று. ஆற்று மணலுக்குள் உறைகிணறு இறக்கி, அதனின்று மணலுக்கடியில் துளையிட்ட குழாய்களைப் பரப்பி வைக்கிறார்கள். நீர் மணலினூடே மெல்லக் கசிந்து, கலங்கலையும் அழுக்கில் பெரும்பகுதியையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிணற்றில் சேர்கிறது. பின்னரே குளோரின் கலந்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றப்படுகிறது. ஆகவே மணல்தான் நமது முதல் வடிகட்டி. அந்த வடிகட்டியைத்தான் லாரி லாரியாக அள்ளி வீடு கட்டினோம். (கோயில்களும் கட்டினோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.) பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010-ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. கரையோர ஊர்களின் சாக்கடையோ இன்னும் ஆற்றைத் தேடி வருகிறது. கடைமடையில் இருக்கும் நமக்கு வருவது, மேலே உள்ள அனைவரும் கை நனைத்த நீர்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆற்றில் இருந்த நீரேற்று நிலையங்கள் மூழ்கின, குழாய்கள் உடைந்தன. நாற்புறமும் வெள்ளம், குடிக்க ஒரு குடம் நீரில்லை. அப்போதுதான் பங்கு இல்லத்தின் பின்புறமிருந்த பழைய கிணற்றைச் சிலர் நினைவுகூர்ந்தார்கள். நானும் நினைத்தேன், தலைகுனிவோடு. திருவிழாவுக்கு வரும் வண்டிகள் நிற்க இடம் வேண்டுமென்று, முந்திய ஆண்டில் அதனைக் கற்பலகையிட்டு மூடச் செய்தவன் நானே. இளைஞர்கள் கடப்பாரையால் பலகையை நெம்பினார்கள். உவர்ப்பான அந்நீருக்குப் பிளீச்சிங் பவுடர் இட்டு, கொதிக்கவைத்து, நான்கு நாள் குடித்தோம். ஒருவரும் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மணப்பாட்டில் புனித சவேரியார் குகையில் உள்ள கிணற்றைக் கண்டவர்கள், கடலுக்கு இத்தனை அருகே நன்னீரா என்று வியந்திருப்பீர்கள். மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே நிலத்தடியில் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கம்தான் அச்சந்தருவது. மோட்டார் வைத்து இறைத்து, மேலே 1 அடி தாழ்ந்தே கிடக்கும்படி விட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். எங்கள் கிணறுகள் உவர்த்தது கடலின் குற்றமன்று.

வெள்ளம் வடிந்தபின் கற்பலகையை மீண்டும் போடவில்லை. சுற்றுச்சுவர் எழுப்பி, கம்பிவலை மூடியிட்டோம். கோயில் கூரையில் விழும் மழைநீரைக் குழாய்வழி இறக்கி, மணலும் சரளையும் நிரப்பிய குழியின் வழியாகக் கிணற்றருகே நிலத்துள் விடுகிறோம். வண்டிகள் இனித் தெருவில் நிற்கட்டும். சென்ற மழைக்காலம் முடிந்தபின் ஒரு வாளி இறைத்து, கொதிக்கவைத்து ஆற்றி, அந்தப் பாட்டியிடமே ஒரு குவளை கொடுத்தேன். வாயில் சிறிது வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் சுவைத்தார். "உப்பு கொறஞ்சிருக்கு சாமி. இன்னும் ரெண்டு மழை பெய்யட்டும், அப்புறம் சொல்லுதேன்" என்றார்.