பெயரைக் கேள், பிறப்பைக் கேளாதே!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பொங்கலூரில் விசைத்தறிச் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் எழும். ஒன்றாம் வகுப்பு வாசலில், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு பிள்ளைகள் அழும் சத்தம்!

ஏன் அழுகிறது ஐந்து வயதுக் குழந்தை? பாடத்துக்கு அஞ்சியா? பாடம் இன்னும் தொடங்கவே இல்லையே! தன் பெயரை அறியாத முகங்களுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கிறோமே என்ற அச்சம்! அந்த வேளையில் அதன் காதில் விழும் முதல் கேள்வி எது? அதைப் பற்றித்தான், தோழர்களே, இன்று எழுதுகிறோம். இதுவும் ஒரு செய்தியா என்று சிரிப்பவர் சிரிக்கட்டும்.

நாம் பள்ளிக்குப் போன முதல் நாள் நம்மிடம் பெயர் கேட்கவில்லை. "எந்த வளவுடா நீ?" என்று கேட்டார்கள். சொன்னோம். சொன்ன பதிலுக்கேற்ற இடமும் கிடைத்தது: சுவரோரம், கடைசி வரிசை! அடுத்த கேள்வி: "உங்கப்பன் என்ன வேலை பண்றான்?" அதற்கும் சொன்னோம். வகுப்பு சிரித்தது.

1953-இல் ஆச்சாரியார் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில்! குலக்கல்வித் திட்டம் என்று கூறித் தமிழகம் கொதித்தது. 1954-இல் அவர் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் ஒழிந்தது. திட்டம் ஒழிந்தது, தோழர்களே. அதன் கேள்வி ஒழிந்ததா?

"சேர்க்கைப் படிவத்தில் சாதி கேட்கிறார்களே, அது மட்டும் என்னவாம்?" என்று மடக்குவார் உண்டு. இட ஒதுக்கீட்டுக்கும் உதவித் தொகைக்கும் வேண்டிய சான்று அது. நாம் போராடிப் பெற்ற உரிமையின் சாவி. சாவி அலுவலக அலமாரியில் இருக்கட்டும். வகுப்பறையில் அதைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டாதீர் என்கிறோம்!

மாட்டினால் என்ன ஆகும்? நாங்குநேரியைக் கேளுங்கள். 2023 ஆகஸ்டில், படிக்கும் பையனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? அதே பள்ளியின் மாணவர்கள்! அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரமே தெரியாதே! அதற்குத் தெரிந்தது விளையாட்டு.

ஆகவே முதல் நாள் விளையாடட்டும். பிள்ளைகள் வட்டமாக உட்காரட்டும். வட்டத்தில் முதல் வரிசை ஏது, கடைசி வரிசை ஏது? ஆசிரியரும் தரையில் அமரட்டும். கையில் ஒரு பந்து. காசு கொடுத்து வாங்க வேண்டாம். திருப்பூர்ப் பக்கத்தில் பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? நாலு துண்டைச் சுருட்டி நூலால் கட்டினால் பந்து! உருட்டும் பிள்ளை தன் பெயரைச் சொல்ல வேண்டும். வாங்கும் பிள்ளை அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி, தன் பெயரையும் சொல்லி, அடுத்த பிள்ளைக்கு உருட்ட வேண்டும். வாய் திறக்காத பிள்ளையை அதட்ட வேண்டாம். பந்தை மட்டும் உருட்டட்டும், நாளைக்குப் பேசும்.

பிறகு, மாம்பழம் பிடித்தவர் மரத்தடிக்கு, கொய்யா பிடித்தவர் கொடிக்கம்பத்துக்கு! அடுத்து மழை பிடித்தவர், வெயில் பிடித்தவர். ஒவ்வொரு முறையும் கூட்டம் கலைந்து வேறு கூட்டமாகச் சேரும். (யாருக்குப் புதுச் செருப்பு என்று மட்டும் பிரித்துவிடாதீர், ஆசிரியப் பெருமக்களே!) நம் பாட்டிமார் ஆடிய 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்திலும் எதிரணிப் பிள்ளையைப் பெயர் சொல்லித்தானே அழைப்பார்கள்?

அந்த வட்டத்தில் இன்னொரு பிள்ளையும் இருக்கும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பனியன் கம்பெனிக்கு வந்த தொழிலாளியின் மகன். அவனை 'இந்திக்காரப் பையன்' என்று கூப்பிட்டால் அதுவும் ஒரு வளவுக் கேள்விதான்! இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள் நாம். எதிர்த்தது திணிப்பை, பிழைக்க வந்தவன் பிள்ளையை அல்ல. பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வட்டம் முழுவதும் அவன் பெயரைச் சரியாகச் சொல்லட்டும். அன்று அவன் கற்கும் முதல் தமிழ் "என் பெயர்" என்பதாக இருக்கட்டும்.

ஆடி முடித்த அதே வட்டத்திலேயே சாப்பிடட்டும். 1920-இல் தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. தட்டு வந்துவிட்டது, பக்கத்தில் யார் உட்காருவது என்பதில்தான் பழைய நஞ்சு ஒளிந்திருக்கிறது.

இதையெல்லாம் ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு நாம் தறிக்குப் போய்விடலாமா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்! அதில் எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: "முதல் நாள் என்ன கேட்பீர்கள், எப்படி உட்காரவைப்பீர்கள்?" என்று.

அடுத்த ஜூனில் அரை ஷிஃப்ட் போனால் போகட்டும். பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே அழைத்துப் போங்கள், போகும்போது பையில் ஒரு துணிப்பந்தும் இருக்கட்டும். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று வாசலில் எவரேனும் கேட்டால், பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லுங்கள்!