பெயர் அழிந்த கட்டங்கள்

சென்ற மார்கழியில் நம் வீட்டுக்கு ஓர் உலகமே பைக்குள் அடைபட்டு வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவன் நம் தமக்கையின் குமாரன். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். வழக்கமாக விடுமுறைக்கு வரும்போது அவன் கொண்டு வருவது வெளுக்க வேண்டிய துணிகளை மட்டுந்தான். இந்தத் தடவை தலையணைப் பருமனில் இரண்டு புத்தகங்களும், ஒரு சுருக்குப் பை நிறையப் பகடைகளும் கொண்டு வந்தான். பகடை என்றால் நாம் உருட்டிப் பழகிய பித்தளைத் தாயக்கட்டை அல்ல. நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று வளர்ந்து இருபது முகம் வரையில் போகிறது. அந்த இருபது முகப் பகடையை நம் தாயார் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது நெல்லிக்காயா?" என்று கேட்டார்.

ஆட்டம் இன்னதென்று பையன் விளக்கினான். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் பூண வேண்டும். ஒருவன் வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன். வாயாலேதான் எல்லாம். "மலைக் குகைக்குள் நுழைகிறேன்" என்று சொன்னால் நுழைந்ததாக அர்த்தம். நுழைந்தவன் பிழைப்பானா என்பதைப் பகடை சொல்லும். 1974-ம் வருஷம் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் பெயரில் இதை முதன்முதலாக ஆயிரம் பிரதி அச்சிட்டு விற்றார்களாம். இன்று உலகெங்கும் லக்ஷக் கணக்கானவர்கள் ஆடுகிறார்கள்.

வேஷம் கட்டி ஆடுவதற்கு ஓர் உலகம் வேண்டுமல்லவா? தேசம், நதி, தெய்வம், நாணயம், பாஷை எல்லாவற்றையும் எழுதி வைத்த கற்பனை உலகங்கள் புத்தகங்களாக வெளிவந்தன. அவற்றில் மிக முந்தியவற்றுள் ஒன்று டெக்குமெல். ஒரு காலத்தில் பெயர் பெற்று, இன்று வெகு சிலரே அறிந்த அந்த உலகத்தைத்தான் மருமகன் பழைய புத்தகங்களிலிருந்து தோண்டி எடுத்துக் கொண்டு திரிகிறான். அதைப் படைத்தவர் எம். ஏ. ஆர். பார்க்கர் என்பவர், மின்னசோட்டா சர்வகலாசாலையில் உருது பாஷை கற்பித்தவர். இளவயது முதல் மனத்துக்குள் கட்டி வந்த உலகத்தை 1975-ல் ஆட்டமாக வெளியிட்டார். ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களுக்குப் பதிலாக அதில் இந்தியா, எகிப்து, பழைய மெக்ஸிகோ ஆகிய தேசங்களின் சாயல் இருக்கிறது. அவ்வுலகத்து வானத்தில் நட்சத்திரம் கிடையாது. பூமியில் இரும்பு அரிது. மக்கள் பேசும் பாஷைக்கு எழுத்தும் இலக்கணமும்கூட உண்டு. இலக்கணம் என்றதும் உபாத்தியாயராகிய நமக்குச் சற்று மரியாதை பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பையன் இன்னொரு விஷயத்தையும் சொன்னான். சொல்லும்போது குரல் தாழ்ந்தது. பார்க்கர் 2012-ல் காலமானார். 1991-ல் புனைபெயரில் வெளிவந்த, ஹிட்லரின் கூட்டத்துக்கு ஆதரவான ஒரு நாவல் அவர் எழுதியதே என்று, அவருடைய உலகத்தைப் பரிபாலித்து வரும் ஸ்தாபனமே 2022-ல் ஒப்புக்கொண்டது. "இத்தனை அழகான உலகத்தைக் கட்டியவர் இப்படியா, மாமா? இனி இதை ஆடலாமா, கூடாதா?" என்று கேட்டான். நமக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை. தாயார்தான் பேச்சை மாற்றினார். "வேஷம் கட்டுவது, உலகம், பகடை என்கிறாயே, இதெல்லாம் நம் பரணிலேயே இருக்கிறதே. நாளைக்கு ஏகாதசி. எப்படியும் கண்விழிக்க வேண்டும். ஏணியைக் கொண்டு வா."

பரணிலிருந்து இறங்கிய தகரப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி, நம் பாட்டியாரின் பரமபத சோபான படம் இருந்தது. அதைக் கண்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பின்புறம் துணி ஒட்டிய பெரிய காகிதம். எட்டாக மடித்த மடிப்புகளில் எல்லாம் விரிசல். அச்சுக்கூடத்தின் பெயர் இருந்த ஓரம் செல்லரித்துப் போயிற்று. நூற்று முப்பத்திரண்டு கட்டங்கள். உச்சியில் சங்கு சக்கரதாரியாக வைகுண்டநாதன். கீழே புழு, பூச்சி, மிருகம், பக்ஷி. இடையே ஏணிகள், பாம்புகள்.

இந்த ஆட்டத்தை ஆடாத வாசகர் நம்மில் இருக்க முடியாது. ஆனால் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? 'பாம்பு கடித்தால் இறங்கு, ஏணி வந்தால் ஏறு' என்று எண்களை மட்டும் எண்ணித்தானே நாம் ஆடினோம்? அன்று மாலை விளக்கடியில் படத்தை விரித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தபோதுதான், கட்டந்தோறும் ஒரு பெயர் இருப்பது நம் கண்ணில் பட்டது. ஏணியின் அடியில் 'பக்தி', 'தானம்', 'பொறுமை' என்று குணங்கள். பாம்புகளின் தலையில் அசுரர் பெயர்கள். நம் காய் எறும்பாகப் பிறந்து, பறவையாகி, மனிதனாகி, தேவலோகம் கடந்து மேலே போக வேண்டிய ஜீவன். அப்படியானால் இதுவும் வேஷம் பூண்டு ஆடும் ஆட்டம்தானே! வேஷம் ஒன்றே ஒன்று, அது நாமே என்பதுதான் வித்தியாசம். மருமகன் தன் தலையணைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படத்தின் மேல் கவிழ்ந்துவிட்டான்.

இந்த ஆட்டத்தின் பூர்வோத்தரம் சுவையானது. வடநாட்டில் இதற்கு ஞான சௌபர் என்று பெயர். வைஷ்ணவர்களின் பலகை ஒன்றில் 72 கட்டம். ஜைனர்கள் 84 கட்டத்தில் ஆடினார்கள். முஸ்லிம் ஸூபிகளும் தங்களுக்கென்று ஒரு பலகை வைத்துக்கொண்டு 101 கட்டத்தில் இறைவனை நாடினார்கள். நேபாளத்திலும் திபேத்திலும் இதன் இனத்தைச் சேர்ந்த ஆட்டங்கள் உண்டு. மராட்டிய ஞானதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது வழக்கம். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. கையில் கிடைத்திருக்கும் பலகைகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் செய்தவை. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் காட்சிசாலையைச் சேர்ந்த ஆண்ட்ரூ டாப்ஸ்பீல்டு என்ற அறிஞர் 1985 முதற்கொண்டு இவற்றைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் பாட்டியார் பெட்டியில் வைத்துப் பூட்டியதை, அங்கே ஒருவர் கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டிருந்தார்!

இங்கிருந்து கப்பல் ஏறிச் சீமைக்குப் போன ஆட்டம் 1890-களில் அங்கே 'ஸ்நேக்ஸ் அண்டு லாடர்ஸ்' ஆயிற்று. முதலில் அவர்களும் சிக்கனம், சோம்பல் என்று தங்கள் ஊர்க் குணங்களை எழுதித்தான் வைத்தார்கள். பிற்பாடு அதுவும் உதிர்ந்தது. 1943-ல் அமெரிக்காவில் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்து விற்றார்கள். கடைசியில் வெறும் எண்களோடு, ஒன்று முதல் நூறு வரையில், அது நம் துறைமுகத்துக்கே திரும்பி வந்து இறங்கியது. பருத்தியாகப் போனது துணியாகத் திரும்பினாலும் உடுத்த உதவும். இது சதையாகப் போய் எலும்பாகத் திரும்பிற்று. நம் குழந்தைகளும் அந்த எலும்பைத்தான் இன்று கைபேசியில் உருட்டுகிறார்கள். மார்கழியில் கடைத்தெருவில் பரமபதப் படம் இன்றும் விற்கத்தான் விற்கிறது. ஒன்று வாங்கி வந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். வர்ணம் கண்ணைப் பறிக்கிறது. பாதிக் கட்டங்களுக்கு மேல் எண் மட்டுமே இருக்கிறது.

இனி நம் பாட்டியாரின் படத்துக்கு வருவோம். அதிலும் மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்து, முப்பத்தாறு கட்டங்களின் பெயர் அழிந்திருந்தது. தாயாரிடம் கேட்டோம். "நாற்பத்தேழாம் கட்டம் என்ன, அம்மா?" தெரியவில்லை. "எழுபத்திரண்டு?" அதுவும் தெரியவில்லை. எழுபத்தெட்டு வயது, ஞாபகம் போயிற்று என்று அவரே வருத்தப்பட்டார். நாமும் விட்டுவிட்டோம்.

இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் ஆரம்பமாயிற்று. முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்குச் சோழிக்கா பஞ்சம்? ஆறு சோழி. ஒன்று மட்டும் நிமிர்ந்து விழுந்தால் தாயம். ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. மருமகன் நெல்லிக்காய்ப் பகடையை நீட்டிப் பார்த்தான், சபை நிராகரித்துவிட்டது. நமக்குக் காய் ஒரு சங்குத் துண்டு. நம் புத்திரிக்கு உடைந்த வளையல். தாயாருக்கு எப்போதும் புளியங்கொட்டைதான். ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளி இருக்கும்போது, உறங்கக்கூடாத இரவுக்கு வேறு காய் ஏது என்பது அவர் வாதம்.

பத்தரை மணி இருக்கும். தாயாரின் புளியங்கொட்டை ஐந்து கட்டம் நகர்ந்து நாற்பத்தேழில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான் தாமதம், "ஐயோ, பொய்ச்சாக்ஷி!" என்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவருக்கே ஆச்சரியம். கேட்டபோது வராத பெயர், காய் நகர்ந்தபோது வந்துவிட்டது! பாட்டியார் அந்தக் கட்டத்தில் விழும்போதெல்லாம் அப்படித்தான் கூவுவாராம். ஞாபகம் தலையில் இல்லை, விரல் நுனியில் இருந்திருக்கிறது. மருமகன் ஓடிப்போய் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தான். அதன்பின் எங்களில் யாருக்கும் ஜயிக்கும் எண்ணமே இல்லை. தாயாரின் காயை எப்படியாவது பெயர் அழிந்த கட்டத்தில் கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்பதே நோக்கம். சோழியில் சிறிது கள்ளமும் நடந்தது. ஏகாதசி இரவில் செய்த அந்தக் கள்ளத்துக்கு எந்தப் பாம்பு என்று நமக்குத் தெரியாது.

நடுநிசிக்குமேல் ஒரு தகராறு வந்தது. நம் புத்திரி எட்டாம் வகுப்பு வாசிக்கிறாள். அவள் காய் ஒரு பாம்பின் வாயில் விழுந்தது. தலையில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள்: ஊர்வசி. "அசுரன் எல்லாம் பாம்பு. சரி. இந்த அம்மாள் என்ன தப்புச் செய்தாள், பாட்டி? தபஸு கலைந்தவர் பெயரை அல்லவா இங்கே போட வேண்டும்?" என்றாள். தாயார் பதில் சொல்லாமல் சோழியைக் குலுக்கினார். மருமகன் நம்மைப் பார்த்தான். நாம் அவனைப் பார்த்தோம். சாயங்காலம் அவன் கேட்ட கேள்வியே வேறு உருவத்தில் நம் வீட்டுப் படத்திலிருந்து எழுந்து நின்றது. டெக்குமெல்லுக்காவது படைத்தவர் இன்னார் என்று பெயர் உண்டு, அவர்மேல் கோபித்துக்கொள்ளலாம். நம் பரமபதத்தை எழுதியவர் யார்? எத்தனையோ தலைமுறையின் பக்தியும் பயமும் அறியாமையும் சேர்ந்து எழுதியது அது. பார்க்கர் எழுதிய நாவலும் இதுவும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. அது விஷம், இது பழைய துரு. ஆனால் புது அச்சில் பெயர்களை எடுத்துவிட்டார்களே, அதில் இந்தக் கேள்வியும் சேர்ந்து போய்விட்டது. எண்ணைப் பார்த்து எந்தப் பெண்ணும் ஏன் என்று கேட்க மாட்டாள்.

கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. பாட்டியாரின் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் நாம் தயாரிக்கும் புதுப் பிரதியில், ஊர்வசிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளலாம். தாயாரே இதற்குச் சம்மதித்தார் என்பதுதான் நாம் எதிர்பாராதது. "உன் கொள்ளுப்பாட்டியும் அந்தப் பாம்பைக் கண்டால் முணுமுணுப்பாள்" என்று மட்டும் சொன்னார். என்ன முணுமுணுப்பார் என்று சொல்லவில்லை.

விடியற்காலம் நாலு மணி. தாயாரின் புளியங்கொட்டை உச்சிக்கு வெகு அருகில் வந்துவிட்டது. அங்கேதான் படம் முழுவதையும் வளைத்துக்கொண்டு கிடக்கும் அந்தப் பெரும் பாம்பின் தலை இருக்கிறது. வால் அடிமட்டத்தில், பன்றி என்று எழுதிய கட்டத்தில் முடிகிறது. மூன்று விழக்கூடாது. மூன்றே விழுந்தது. தாயார் விழுந்து விழுந்து சிரித்தார். பகல் முழுவதும் உபவாசம் இருந்த அம்மாளிடம் அத்தனை சிரிப்பு எங்கிருந்து வந்ததோ! "போகட்டும். பரமபதம் எங்கே ஓடிப்போகிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்" என்றார். அதுவும் உண்மைதான். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் நம் ஜில்லாவிலேயே அல்லவா இருக்கிறது! காலையில் காப்பிக்கு முன்பே புறப்பட்டுப் போய்க் கள்ளபிரானைச் சேவித்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் மருமகன் தூங்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாட்டியைக் குடைந்துகொண்டே வந்தான்.

சென்னையில் 'க்ரீடா' என்ற நிறுவனத்தார் இத்தகைய பழைய ஆட்டங்களை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டு வருகிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் ஊருக்கு ஊர், அச்சுக்கூடத்துக்கு அச்சுக்கூடம் படம் வேறுபடும். ஆகையால் நம் வீட்டுப் பாட்டிமார்களின் விரல் நுனியில் உள்ளதை நாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களைக் கேட்டுப் பயனில்லை. உட்கார்ந்து ஆட வேண்டும்.

முப்பத்தாறில் இருபத்தைந்து கட்டங்கள் அன்றிரவே நிரம்பின. பொங்கலுக்குத் தமக்கையார் வந்திருந்தபோது இன்னும் நாலு கிடைத்தன. பாக்கி ஏழு. அவை 52, 53, 68, 72, 85, 93, 109. பெரும் பாம்பின் வால் பன்றியில் முடியும் பழைய படம் எந்த நேயர் வீட்டிலேனும் இருந்தால், இந்த ஏழு கட்டங்களில் எழுதியிருப்பதை ஒரு கார்டில் எழுதி இப்பத்திரிகையின் விலாசத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுபத்திரண்டாம் கட்டத்தில் ஏணி ஏறுகிறது. அது என்ன புண்ணியம் என்று தெரியாமல் எங்கள் வீட்டில் இன்னும் யாரும் அதில் ஏறுவதில்லை.