அடைவுப் பகுதியில் ஒரு பொறுமை
மண்டைதீவிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண வங்கியொன்றுக்கு வந்த அம்மா ஒருவர், அடைவுப் பகுதியில் தாலிக்கொடியைக் கழற்றி வைத்ததை அண்மையில் கண்டேன். இலங்கை வங்கி 1939 இலும் மக்கள் வங்கி 1961 இலும் தொடங்கிய காலத்திலிருந்தே, பெரிய வங்கி உத்தியோகம் என்றால் நிலையான சம்பளம், கலியாணப் பேச்சில் மதிப்பு என்றே எங்கள் ஊர்களில் பேசுவார்கள். அங்கிருந்த இளம் உத்தியோகத்தரோ, கொடியை உரைத்து நிறுத்தபின், வட்டி எவ்வளவு, எந்தத் திகதி தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் என்று இரண்டு தடவை நிதானமாகச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டிருந்தது, அவர் அவசரப்படவில்லை. 1990 இல் போரால் வீடு வளவை விட்டு ஓடிய தீவு மக்களுக்குக் கையோடு கொண்டுபோக முடிந்த சேமிப்பு பொன்தான். அதைக் கையேற்கும் மேசைக்கு இப்படிப்பட்டவர்களையே வங்கிகள் அமர்த்தவேண்டும். பதவி உயர்வின்போது அந்தப் பொறுமைக்கும் புள்ளி போடவேண்டும்.