ஐம்பது பாகம் ஆழத்தில் ஒரு கடிகாரம்

மணி பார்க்கக் கைக்கடிகாரம் வேண்டும் என்ற காலம் போய்விட்டது. சட்டைப் பையில் இருக்கும் செல்போனே மணி, நாள், கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும், கடலில் மூழ்குகிறவர்களுக்கென்று எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு கடிகாரத்தைப் பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. அப்படி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடலைக் கரையில் நின்று பார்த்தவர்கள்தாம். பணக்காரர்களின் பைத்தியம் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் சங்கதி அவ்வளவு லேசானதல்ல.

ஸ்விட்ஸர்லாந்தின் பிளாங்பேன் கம்பெனி 1953-ல் வெளியிட்ட அந்தக் கடிகாரத்துக்கு 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' என்று பெயர். தமிழில் சொன்னால் 'ஐம்பது பாகம்'. இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை உள்ள நீளமே பாகம். நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். ஐம்பது பாகம் என்பது 300 அடி. சுமார் 91 மீட்டர். காற்றுச் சிலிண்டரைச் சுமந்து மூழ்குகிறவன் அதற்குக் கீழே போக முடியாது என்று அந்நாளில் கருதினார்கள். அந்த எல்லையே கடிகாரத்தின் பெயராயிற்று.

முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கும் 'அக்வாலங்' என்ற கருவியைப் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் 1943-ல் உருவாக்கினார்கள். அதுவரை தலையில் செப்புக் கவசம், மேலேயிருந்து காற்று அனுப்ப ஒரு குழாய், அந்தக் குழாயைக் கவனிக்கப் படகில் ஓர் ஆள் என்று எத்தனையோ வேண்டியிருந்தது. புதுக் கருவி மனிதனை மீனைப்போல் அலைய விட்டது. கூடவே ஓர் அபாயமும் வந்தது. படகில் இருந்தவர் வைத்துக்கொண்டிருந்த நேரக் கணக்கை இனி மூழ்குகிறவனே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணக்கு தப்பினால் உயிருக்கே ஆபத்து. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே காற்றும் நான்கு மடங்கு வேகமாகத் தீரும். மேல்மட்டத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் சிலிண்டர் அங்கே கால் மணி நேரத்துக்குத்தான் வரும். காற்று தீர்ந்தது என்று விர்ரென்று மேலே வந்துவிடவும் முடியாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அவசரமாக ஏறினால் சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழியிட்டுக் கிளம்பும். கைகால் முடங்கலாம், உயிரே போகலாம்.

பிளாங்பேன் கம்பெனியின் தலைவர் ஷான்-ஷாக் ஃபீக்டர் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவரே கடலில் மூழ்கும் பழக்கம் உள்ளவர். பிரான்ஸின் தென் கடற்கரையில் ஒரு தடவை மூழ்கியவர் நேரத்தை மறந்துவிட்டார்; சிலிண்டர் காலி. எப்படியோ பிழைத்துக் கரையேறினார். மூழ்குகிறவனுக்கு எப்படிப்பட்ட கடிகாரம் வேண்டும் என்ற யோசனை அவருக்கு அப்படித்தான் வந்தது. அதே சமயத்தில் பிரெஞ்சுக் கடற்படைக்காக நீருக்குள் போரிடும் படையை அமைத்துக்கொண்டிருந்த மலூபியே, ரிஃபோ என்ற இரண்டு அதிகாரிகளும் இப்படி ஒரு கடிகாரத்தைத் தேடி அலைந்தார்கள். தேடியவர்களும் செய்தவரும் சந்தித்தார்கள்.

அவர்கள் கேட்டவை அலங்காரமல்ல. கறுப்பு முகப்பு, அதன்மேல் இருட்டில் ஒளிரும் பெரிய எண்களும் முட்களும். கலங்கிய தண்ணீரில் ஒரே பார்வையில் நேரம் தெரிய வேண்டும். விளிம்பில் சுழலும் வளையம்; மூழ்கும்போது அதன் அடையாளத்தை நிமிஷ முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால் எத்தனை நிமிஷம் கழிந்தது என்று கூட்டிக் கழிக்காமலே படித்துக்கொள்ளலாம். அந்த வளையம் பாறையில் இடித்துத் தானாக நகர்ந்துவிட்டால்? பத்து நிமிஷம் ஆகிவிட்டதை ஐந்து நிமிஷம் என்று காட்டினால் ஆள் தீர்ந்தான்! ஆகவே அழுத்திப் பிடித்தாலொழிய நகராதபடி பூட்டு வைத்தார்கள். சாவித் திருகுக்கு இரட்டைத் தடுப்பு. கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் இயந்திரம். தினமும் திருகைத் தொட்டால் தடுப்பு தேய்ந்து தண்ணீர் புகும் என்ற எச்சரிக்கையே இதற்குக் காரணம்.

சில ஆண்டுகள் கழித்து முகப்பில் ஒரு சின்ன வட்டம் சேர்த்தார்கள். உள்ளே ஈரம் புகுந்தால் அதன் நிறம் மாறிவிடும். 'என்னை நம்பாதே' என்று கடிகாரம் தானே சொல்லிவிடுகிறது. விற்கிற சரக்கிலேயே அதன் குறையை அறிவிக்கும் கருவியை வைத்து விற்ற வியாபாரிகள் உலகத்தில் எத்தனை பேர்?

ஒளிரும் பூச்சில் ரேடியம் இருந்தது. அதன் கதிர்களைப் பற்றி ஜனங்களுக்குப் பயம் வந்தபோது, கதிரியக்கம் இல்லை என்ற அடையாளத்தை முகப்பிலேயே அச்சிட்டு வேறு பூச்சுடன் சில கடிகாரங்கள் வந்தன. அமெரிக்கக் கடற்படைக்கு அந்நாட்டுச் சட்டம் குறுக்கே நின்றது. உள்நாட்டுச் சரக்கையே வாங்க வேண்டும். அதற்கும் வழி கண்டார்கள். 'டார்னெக்-ரேவில்' என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே கடிகாரம் உள்ளே நுழைந்தது. 1956-ல் கான் படவிழாவில் முதல் பரிசு பெற்ற கூஸ்தோவின் கடல் படத்திலும் மூழ்குகிறவர்களின் மணிக்கட்டில் இதைக் காணலாம்.

அப்புறம் சரிவு. 1969-ல் ஜப்பானின் ஸீக்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. ஸ்விஸ் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன, பிளாங்பேனும் ஓய்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பெயரை வாங்கி உயிர்கொடுத்தவர்கள் இருவர். அதே பத்தாண்டில் ஆழமும் நேரமும் ஏறும் வேகமும் கணக்கிட்டுச் சொல்லும் சின்னக் கம்ப்யூட்டர் மூழ்குகிறவர்களின் கையில் ஏறிவிட்டது. அதாவது, கடிகாரம் திரும்பி வந்தபோது அதற்கு வேலையே இல்லை!

வேலை போனாலும் முகம் மாறவில்லை. 2003-ல் ஐம்பதாம் ஆண்டையொட்டி மறுபடி செய்தபோது பழைய கறுப்பு முகப்பும் வளையமும் அப்படியே வந்தன. 1953-ல் தோன்றிய ரோலெக்ஸ் கம்பெனியின் 'ஸப்மரீனர்' புகழில் இதை மிஞ்சிவிட்டது உண்மை. ஆனால் அதன் உருவமும் இதே வகைதான். இன்று மலிவு விலையில் கிடைக்கும் மூழ்கு கடிகாரங்களும் அந்த ஜாடையில்தான் இருக்கின்றன. அழகுக்காக எதையும் சேர்க்காததால் அழகு பழசாகவில்லை. பின்னாளில் தங்கத்தில் செய்து வைத்திருப்பதற்கு இந்த நியாயம் பொருந்தாது. தங்கத்தைக் கட்டிக்கொண்டு எந்தப் போர்வீரன் கடலில் குதித்தான்?

2023 செப்டம்பரில் ஸ்வாட்ச் கம்பெனியுடன் சேர்ந்து சுமார் 400 டாலர் விலையில் அதே ஜாடையுள்ள கடிகாரத்தை வெளியிட்டபோது பல நகரங்களில் கடை வாசலில் கூட்டம் வரிசையில் நின்றது. பழங்கடிகாரம் சேர்ப்பவர்களின் மோகம் வேறு வகை. கடற்படையில் உழைத்த கடிகாரங்களுக்குத்தான் ஏலத்தில் போட்டி. எஃகு கீறியிருக்கும், ஒளிப்பூச்சு பழுப்பேறியிருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தால் விலை குறைந்துவிடுகிறது.