சிறிய மூடியும் நீண்ட பயணமும்



திருவனந்தபுரத்தில் பழவங்காடி, சாலைக் கடைவீதி ஆகிய பகுதிகளில் பிழைப்பு நடத்தும் நம்மவர்களில் பலர், விடுமுறை வந்தால் குடும்பத்தோடு காரில் ஊருக்குப் புறப்படுகிறார்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். புறப்படுமுன் டயருக்குக் காற்றுப் பார்க்கச் சென்றால், வால்வின் உலோக மூடி அசைய மறுக்கிறது. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்படியே கிளம்புகிறவர்கள் உண்டு. குறட்டால் வலிந்து திருகி வால்வையே முறித்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்தே. காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது மிகுதியாக நெளிந்து சூடேறுகிறது. பாரத்தோடு வேகமாய்ச் செல்லுகையில் அது வெடிக்கவும் கூடும்.

மூடி ஏன் இறுகுகிறது? சாதாரண ரப்பர் வால்வின் உள்ளே இருப்பது பித்தளைக் குழல். அழகுக்காக நாம் வாங்கும் பளபளப்பான மூடிகளில் பல அலுமினியத்தால் ஆனவை. இவ்விரு உலோகங்களும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. வால்வின் மரையோ மிக நுண்ணியது; ஓர் அங்குலத்திற்கு 32 சுற்றுகள். அந்த இடுக்கை வெண்பொடி நிரப்பிவிட்டால் மூடி பற்றவைத்தது போலாகிவிடும். சங்குமுகம் கடற்கரை சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்க, ஆண்டில் இரண்டு பருவமழைகளையும் காணும் இந்நகரத்தில் இது விரைவில் நேரிடுகிறது.

இறுகிய மூடியைக் கழற்றுவதற்கு அவசரம் உதவாது. வால்வு முறிந்தால் காற்று முழுவதும் வெளியேறிவிடும். ஆகவே ஸ்டெப்னி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயணத்திற்குச் சில நாள் முன்னதாகவே இவ்வேலையைச் செய்யுங்கள். மூடியின் அடியில் துருநீக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். ரப்பரில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பின்பு வெந்நீரில் நனைத்த துணியை மூடியின்மேல் சுற்றுங்கள். பித்தளையைவிட அலுமினியம் அதிகமாய் விரிவதால் பிடி சற்றுத் தளரும். நெருப்பை ஒருபோதும் காட்டாதிருங்கள். இப்போது ஒரு குறட்டால் வால்வின் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் மூடியை இரு திசையிலும் மெதுவாக அசைத்து, இடப்புறமாகத் திருப்புங்கள். தண்டும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் உடனே நிறுத்திவிட்டு டயர் கடைக்குச் செல்லுங்கள். ரப்பர் வால்வைப் புதிதாக மாற்றுவது அவர்களுக்கு எளிய வேலை.

டயரின் காற்றழுத்தத்தைத் தானே அறிவிக்கும் கார்களில் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் பலவற்றின் வால்வுத் தண்டே அலுமினியம். உள்ளே உணர்கருவி இணைந்திருக்கும். அதன்மேல் பித்தளை மூடியைப் போட்டால் அதே அரிப்பு தண்டையே பற்றும். தண்டு முறிந்தால் விலையுயர்ந்த கருவியையும் மாற்ற நேரிடலாம்.

வருமுன் காப்பதோ மிக எளிது. உலோக மூடிகளை அகற்றி, உள்ளே ரப்பர் வளையமுள்ள பிளாஸ்டிக் மூடிகளைப் போடுங்கள். பிளாஸ்டிக் இவ்வாறு அரிக்கப்படுவதில்லை. விரலால் மட்டும் இறுக்குங்கள். மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன், ஐந்து மூடிகளையும் கழற்றிக் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள், ஸ்டெப்னியையும் விட்டுவிடாதிருங்கள். தேங்கிய மழைநீரில் வண்டி நின்றிருந்தால், மூடிகளைக் கழற்றித் துடைத்து உலரவிட்டுப் பின் மாட்டுங்கள். காற்றைத் தடுத்து நிறுத்துவது உள்ளிருக்கும் ஊசியே. மூடி அதைத் தூசியினின்றும் நீரினின்றும் காக்கிறது. ஆகையால் மூடி தொலைந்தாலும் கலங்க வேண்டாம், ஆனால் தாமதமின்றி வேறொன்றை வாங்கிப் போடுங்கள்.

சில ரூபாயில் கிடைக்கும் பிளாஸ்டிக் மூடியில் அலங்காரம் இல்லை. ஆனால் பின் இருக்கையில் பிள்ளைகள் உறங்க, இரவில் ஊர் நோக்கிச் செல்லும் தகப்பனுக்கு வேண்டியது அலங்காரமல்ல; வேண்டும்போது விரலால் திறக்கக்கூடிய மூடியே. அடுத்த பயணத்திற்கு நாள் குறிக்குமுன், இந்த வாரமே உங்கள் வாகனத்தின் மூடிகளை ஒருமுறை திருகிப் பாருங்கள்.