அக்கியும் அல்ல, சாபமும் அல்ல



பேசக் கூச்சமான ஒரு விஷயத்தை இன்று பேசியே ஆக வேண்டியிருக்கிறது. நாலு பேர் முன்னால் படிக்க வெட்கமாக இருந்தால் தாளை மடித்து வைத்துத் தனியே படியுங்கள். ஆனால் படியுங்கள்.

மர்ம உறுப்பில் முதலில் ஊறலும் எரிச்சலும். பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள், உடைந்தால் புண். சிறுநீர் கழித்தால் உயிர் போகிற வலி. தொடை இடுக்கில் நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். சில வாரத்தில் ஆறும். பிறகு மறுபடியும் வரலாம். இதுதான் ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் நோய்.

நம் லயங்களில் என்ன நடக்கிறது? அக்கி என்று சொல்லிக் காவி பூசுகிறோம். அக்கி வேறு, அது சின்னம்மைக் கிருமியால் வருவது. மேகப்புண் என்று மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. இதையெல்லாம்விடக் கொடுமை, "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே?" என்று பெண்டாட்டியை அடித்துத் தாய்வீட்டுக்கு விரட்டுவது!

ஐயா, அந்த அடி நியாயமா? இந்த வைரஸ் நரம்பின் அடியில் வருடக்கணக்கில் தூங்கும். உடம்பில் இது இருக்கிற பலருக்குப் புண்ணே தெரியாது. இன்று முதல் கொப்புளம் வந்தால் இன்றுதான் தொற்றியது என்று அர்த்தமில்லை. கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். உதட்டுக் கொப்புளத்துக் கிருமியும் இப்படிப் பரவுவதுண்டு. உலகில் 15 முதல் 49 வயதுக்குள் ஐந்து பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊருக்கெல்லாம் இருக்கிற நோய்க்கு ஒருத்தியை மட்டும் குற்றவாளி ஆக்கலாமா?

அடியோடு விரட்ட மருந்து இல்லை. அடக்கி வைக்க உண்டு. அசைக்ளோவிர் என்பது அதன் பெயர். 1988-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன் அம்மையாரின் ஆய்வுக் குழு தந்த மருந்து அது. கொப்புளம் கண்ட இரண்டு மூன்று நாளுக்குள் தொடங்கினால் வலி குறையும், புண் சீக்கிரம் ஆறும். அடிக்கடி வந்தால் தினமும் சாப்பிடும் முறையும் இருக்கிறது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து டிரசரிடம் சொன்னால், விடிந்து பெரட்டுக்குப் போவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடுமோ என்று பயந்தோம். இன்று கோல சிலாங்கூரிலும் தஞ்சோங் காராங்கிலும், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த பெஸ்தாரி ஜெயாவிலும் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். கணவன் மனைவி இருவருமே போங்கள். ரத்தச் சோதனையும் கேளுங்கள். ஏனென்றால் சிபிலிஸ் புண்ணும் இதேபோல் தோன்றலாம். அது பென்சிலின் ஊசியில் குணமாகும். எச்.ஐ.வி. சோதனையைப் பெயர் சொல்லாமலே செய்து கொள்ளலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது: உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடையுங்கள். தளர்ந்த பருத்தி உடை உடுத்துங்கள். சிறுநீர் எரிந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கழியுங்கள். புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; கண்ணில் வைக்காதீர்கள். ஊறல் தொடங்கியதிலிருந்து புண் முழுக்க ஆறும்வரை படுக்கையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. கக்கூஸ், துணி, பாத்திரம் மூலம் பரவும் என்று யாரையும் ஒதுக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் ஒருபோதும் மறைக்கக் கூடாது. பிரசவம் நெருங்கும்போது புதிதாகத் தொற்றினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே சொன்னால் டாக்டர்கள் காப்பாற்ற வழி செய்வார்கள்.

டாக்டரிடமும் வக்கீலிடமும் ஒளிக்காதே என்பார்கள் பெரியவர்கள். புண் ஆறிவிடும். அதன் பேரில் உடைந்த குடும்பம் ஆறுமா? யோசியுங்கள்.